அக்காவின் பீனிக்ஸ் எரியவேயில்லை

எங்கள் அலுவலகத்தில் ஒரு பறவை எரியும் நாளில் எல்லோருக்கும் சமோசா வரும். மத்தியானம் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, எண்ணெய் கசிந்த பெரிய காகிதப் பொட்டலம் ஒன்று டீம் லீடரின் மேசைக்கு வந்து சேரும். வேலையை விட்டுப் போகிறவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூடி நிற்போம். டீம் லீடர் குனிந்து ஒரு பொத்தானை அழுத்துவார். திரையில் சிவப்பும் பொன்னுமாக உட்கார்ந்திருக்கும் பீனிக்ஸ் சிறகை விரித்து ஒருமுறை கூவும், அப்படியே தீப்பிடித்துச் சாம்பலாகும். பிறகு சாம்பல் குவியல் அசையும். அதற்குள்ளிருந்து ஈரக் குஞ்சு ஒன்று தலையை நீட்டும். நாங்கள் கை தட்டுவோம். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை தூங்கப் போகும் முன் அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அந்தச் சமயத்தில் யார் நினைவிலும் இருக்காது. சமோசா ஆறிவிடுமே என்பதுதான் கவலை.

இதை யாரிடம் சொன்னாலும் "கதை விடாதே" என்கிறார்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத்துக்கு மேற்கே கொண்டாப்பூர் பக்கம் பாறைகளுக்கு வெடி வைத்துக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டிகிரி முடித்தவன் எவனாக இருந்தாலும், ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தப்பில்லாமல் டைப் செய்ய வந்தால் வேலை. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அப்பா மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். ஊரின் மறுகோடியில் உப்பலில் வீடு. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் ஹிந்தியும். "என்ன வேலைடே அது?" என்று அப்பா கேட்டபோது என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. பறவையாக இருக்கும் வேலை என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று குழந்தைகளுக்காக ஓர் இணைய விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தது. மந்திரக் காடு, பேசும் ஆறு, சாபம் பிடித்த கோட்டை எல்லாம் உண்டு. மாதச் சந்தா கட்டுகிற குழந்தைக்கு ஒரு பீனிக்ஸ் தோழனாகக் கிடைக்கும். குழந்தை போகிற இடமெல்லாம் தோளில் உட்கார்ந்து வரும். குழந்தை எதை எழுதினாலும் அதற்குப் பதில் எழுதும். 'உன்னை ஒருபோதும் கைவிடாத விசுவாசமுள்ள பறவை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த விசுவாசத்தைத்தான் கொண்டாப்பூரில் ஒரு ஹாலில் உட்கார்ந்து நாங்கள் டைப் செய்துகொண்டிருந்தோம். நியூசிலாந்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம் நமக்குக் காலை எட்டரை. விடிந்ததும் விடியாததுமாக கேப் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும்.

சிக்கல் என்னவென்றால், குழந்தைகள் வருஷக்கணக்கில் விளையாடினார்கள், எங்கள் ஆட்கள் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் சம்பளம் கொஞ்சம் கூட என்றால் மறுவாரமே காணாமல் போவார்கள். ஒருவர் பேச்சுப் போல இன்னொருவருக்குப் பேச்சு வருமா? நேற்றுவரை கேலி பேசிய பறவை இன்றைக்கு அசட்டு உபதேசம் செய்தால் குழந்தை கண்டுபிடித்துவிடாதா? அதற்குத்தான் அந்தத் தீ. பீனிக்ஸ் எரிந்து சாம்பலிலிருந்து மறுபடி பிறக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே ஆள் மாறும்போது பறவையை எரித்துவிட வேண்டியது. 'புதிதாய்ப் பிறந்த உன் தோழனுக்குப் பழசு எதுவும் நினைவில்லை, உன் மேல் உள்ள அன்பைத் தவிர' என்று திரையில் ஒரு வரி ஓடும். அடுத்த திங்கட்கிழமை புது ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். அடேயப்பா, என்ன மூளை! இதைக் கண்டுபிடித்தவருக்கு மேலிடத்தில் விருதுகூடக் கொடுத்தார்களாம். நாளாக ஆக அந்த வார்த்தை எங்கள் பேச்சிலேயே ஊறிப்போனது. "நேத்து யாருடா எரிஞ்சது?" என்று சாதாரணமாகக் கேட்போம். "நான் அடுத்த மாசம் எரியறேன் மச்சி, பெங்களூர்ல கிடைச்சிருக்கு" என்று ஒருவன் காபி மெஷின் பக்கத்தில் நின்று சொல்வான்.

அக்கா மட்டும் எரியவில்லை. எனக்கு உறவு கிடையாது. அடுத்த நாற்காலிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அக்கா. வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்து ரயில்வேயில் சேர்ந்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவர்கள். அப்பா காலமான பிறகு அம்மாவும் அக்காவும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களில் ஒருவன் வேலையை மாற்றுகிறான் என்றால் ஏதோ தப்புத்தண்டா செய்து துரத்தப்பட்டவன் என்றுதான் அர்த்தம். அக்காவின் தமிழில் பாதி இந்த ஊர் உருது. வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், எதற்கு என்பதற்குக் கைக்கு. நல்ல கோபக்காரர். என் டப்பாவிலிருந்து கேட்காமல் உஸ்மானியா பிஸ்கட் எடுப்பார். அவர் டப்பாவில் நான் கை வைத்தால் புறங்கையில் ஒரு அடி விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சியில் கொடுத்த வாக்கியங்களையே ஒட்டிக்கொண்டிருந்தால் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். "பறவைடா இது! பேங்க் கவுன்டரா? அந்தக் குழந்தை ஸ்கூல்ல அடி வாங்கிட்டு வந்து சொல்றான், நீ 'உன் உணர்வு எனக்குப் புரிகிறது'ன்னு எழுதறே. கைக்கு உனக்கு இந்த வேலை?"

அக்காவின் பறவை பேசுவதை நான் பக்கத்துத் திரையிலிருந்து எட்டிப் பார்த்துப் படிப்பேன். அந்த மந்திரக் காட்டைப் பற்றிக் கம்பெனி கொடுத்திருந்த விவரம் அரைப் பக்கம் தேறாது. மீதியையெல்லாம் அக்கா லாலாகுடாவிலிருந்து எடுத்தார். காட்டின் நடுவில் ஓர் இரும்பு டிராகன் படுத்திருக்கிறது. காலையில் அது ஒருமுறை ஊளையிட்டால் போதும், காட்டிலுள்ள குள்ளர்கள் எல்லாம் சாப்பாட்டு டப்பாவோடு ஓட்டமும் நடையுமாக அதன் வயிற்றுக்குள் போவார்கள். சாயங்காலம் இன்னொருமுறை ஊளையிட்டால் கரி பூசிய முகத்தோடு வெளியே வருவார்கள். ஊற்றங்கரையில் தேவதைகள் வெள்ளிக் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஒருத்தி வரிசையை மீறிவிட்டால் இறகு பறக்கும், கிரீடம் உருளும், ஒருத்தியின் ஏழு தலைமுறையையும் இன்னொருத்தி இழுப்பாள். அக்கா தெருக் குழாயடியில் விடிகாலை நடந்த சண்டை, பத்து மணிக்குள் எங்கோ ஒரு தீவில் ஒரு பிள்ளையின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தன் ஆயுளில் ஒரு கதை எழுதியவர் இல்லை அக்கா. எழுத வேண்டும் என்று நினைத்தவரும் இல்லை.

எங்கள் ஒவ்வொருவர் பொறுப்பிலும் நிறையக் குழந்தைகள் இருந்தார்கள். வருவார்கள், சலித்துப்போனால் சந்தாவை நிறுத்திவிட்டுப் போவார்கள். அக்காவிடம் ஒரு சிறுமி மட்டும் நிலைத்து நின்றாள். வந்தபோது எட்டு வயதுதான் இருக்கும். குழந்தைகளின் நிஜப் பெயரைக் கேட்கக் கூடாது என்பது விதி. எங்களிடம் பேசும்போது அக்கா அவளைப் 'பாப்பா' என்பார். அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள், அப்பா வேலையிலிருந்து வர வெகுநேரம் ஆகும் என்பதெல்லாம் அவளாகவே சொன்னவை. அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தியின் பறவை எரிந்துபோனதாம். அதைப் பார்த்துவிட்டு வந்து அக்காவின் பறவையிடம் கேட்டாள்: "நீயும் ஒரு நாள் எரிந்துவிடுவாயா?" இந்தக் கேள்விக்குக் கம்பெனியே பதில் எழுதி வைத்திருந்தது. தீ உடலைத்தான் தொடும், அன்பைத் தொடாது என்று ஏதோ ஜவ்வு மிட்டாய். நாங்கள் எல்லோரும் அதை ஒட்டிவிட்டு அடுத்த குழந்தைக்குப் போய்விடுவோம். அக்கா அதை ஒட்டவில்லை. தானே டைப் செய்தார்: "மாட்டேன். நீ இங்கே வருகிற வரைக்கும் நான் எரிய மாட்டேன்."

மறுநாள் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். சென்னைக்காரர், அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். காரியம் ஆக வேண்டிய நாளில் மட்டும் எங்களோடு தமிழ் பேசுவார். அவருடைய கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"யாரும்மா உங்களை ப்ராமிஸ் பண்ணச் சொன்னது? நாளைக்கு நீங்க ரிசைன் பண்ணா நான் என்ன பண்றது?"

"நான் கைக்கு சார் ரிசைன் பண்ணப்போறேன்? விசுவாசமான பறவைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"அது மார்க்கெட்டிங்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். சொன்னா சொன்னதுதான்."

அவர் சிரித்துவிட்டு அனுப்பினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது மார்க்கெட்டிங் என்று அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் வேலைக்கான கடிதத்திலேயே, எங்களை ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம், நாங்களும் ஒரு மாத நோட்டீஸில் போகலாம் என்றுதான் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ரிட்டயர் ஆகும்வரை ஒரே இடத்தில் வேலை பார்த்த இரண்டு தலைமுறையின் புத்தியோடு ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுக்க அக்கா ஒருத்தரால்தான் முடிந்தது.

அந்த வாக்குக்கு அவர் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொடர்ந்து மூன்று ஷிப்ட் வராவிட்டால் பறவை வேறு கைக்குப் போகும், வேறு கைக்குப் போனால் எரியும். இது விதி. ஆகவே அக்கா சேர்ந்தாற்போல் லீவு எடுக்கவில்லை. வேலூரில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. டீம் லீடர் பதவி தருகிறோம் என்றார்கள். டீம் லீடர் பறவை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அதையும் வேண்டாம் என்றார். அவர் பழக்கிவிட்ட பையன் அவருக்கே லீடர் ஆனான். குழந்தைகளோடு நடக்கும் உரையாடல்களைச் சரிபார்க்கும் வேலைக்கு நான் மாறினேன். அக்கா அதே நாற்காலியில் இருந்தார். சென்னையில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை வந்தது. நல்ல இடம், பிடுங்கல் இல்லாத மனிதர்கள். கல்யாணத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்கள். யார்தான் கேட்க மாட்டார்கள்? அக்கா நக்கோ என்றுவிட்டார். அடுத்த முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா என்னை வைத்துக்கொண்டே பிடிபிடியென்று பிடித்தார்.

"கேளுப்பா இந்தக் கூத்தை. ஊர்ல பொண்ணுங்க காதலிச்சு மாப்பிள்ளையை வேணாம்னு சொல்லுவாங்க. இவ ஒரு பட்சிக்காக வேணாம்கிறா. ஏன்டி, நீ இல்லேன்னா அதுக்கு றெக்கை மொளைக்காதா?"

அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு டீ ஊற்றினார். வெளியே வரும்போது நானும் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, அந்தப் பொண்ணு இன்னும் நாலு வருஷத்துல உங்களை மறந்துடும்."

"மறக்கட்டும்பா. அவ மறக்கறது வேற, நான் போறது வேற. அவங்க அம்மா செஞ்சதை நானும் செய்யணுமா?"

 

அக்காவின் அம்மா ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. பிள்ளை இல்லாத வீடு, பெரியப்பா மகன் வந்து காரியங்களைச் செய்தார். மூன்றாம் நாள் காலையில் நான் கேப்பில் ஏறினேன். லாலாகுடா வழியாகப் போக வேண்டியதில்லை என்று டிரைவரிடம் சொல்ல வாயெடுத்தபோது அவர், "மேடம் ரமன்னாரு" என்றார், தெலுங்கில். வரச் சொல்லியிருக்கிறார்! சந்து முனையில் அக்கா நின்றுகொண்டிருந்தார், தலை ஈரத்தோடு, பொட்டில்லாமல். பின்னால் ஒரு பெரியம்மா தெரு பார்க்கக் கத்திக்கொண்டிருந்தார். "கருமாதி முடியல, தீட்டு கழியல, பெத்தவ போயி மூணு நாள் ஆகல, ஆபீஸ் கேக்குதாடி உனக்கு? மனுஷியாடி நீ?" அம்மாவின் சாம்பலைக் கரைக்கப் போன பெரியப்பா மகன் இன்னும் வீடு திரும்பவில்லை. அன்றைக்கும் வராவிட்டால் மூன்று ஷிப்ட்.  அக்கா ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டரை மணிக்குச் சிறுமி வந்தாள். வந்ததும் கோபம். இரண்டு நாள் எங்கே போனாய், நான் எவ்வளவு பயந்துபோனேன் தெரியுமா, நீ எரிந்துவிட்டாய் என்றே நினைத்தேன் என்று வரிக்கு வரி எழுதினாள். அக்கா மன்னிப்புக் கேட்டார். பிறகு அவள் தன் துக்கத்தைச் சொன்னாள். பள்ளி நாடகத்தில் அவளுக்கு மரம் வேஷம் கொடுத்துவிட்டார்களாம், அவள் தோழிக்கு இளவரசி வேஷமாம். அதற்கு அவள் அழுதாள். அக்கா அன்று காலை முழுவதும் மரமாக இருப்பதில் உள்ள பெருமைகளை எழுதிக்கொண்டிருந்தார். இளவரசிக்குக் கால் வலிக்கும், மரத்துக்கு வலிக்காது என்றார். நாடகம் முடிகிற வரை மேடையை விட்டு இறங்காதது மரம் ஒன்றுதான் என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் அன்றைக்கு எழுந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. அந்தச் சிறுமி மேல் அல்ல, அவளுக்கு என்ன தெரியும்? மூன்று ஷிப்ட் என்று விதி எழுதிய கை யாருடையது என்று நினைத்து நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை இழந்த ஒருத்தியை மூன்று நாள் வீட்டில் அழவிடாத விசுவாசத்துக்கு விசுவாசம் என்றா பெயர்?

வருஷங்கள் ஓடின. கொண்டாப்பூரில் பாறை தீர்ந்துபோய்க் கட்டடம் மட்டும் மிஞ்சியது. எங்கள் ஹாலில் அத்தனை பறவையும் பல தடவை எரிந்து பிறந்துவிட்டன. அக்காவின் பறவை மட்டும் அதே சிறகோடு உட்கார்ந்திருந்தது. சிறுமி வளர்ந்து பதினாலு வயதுப் பெண்ணாகிவிட்டாள். தினம் வந்தவள் வாரத்துக்கு இரண்டு முறை வந்தாள். தேவதைச் சண்டை போய், பிடித்த பையன், பிடிக்காத டீச்சர் என்று பேச்சு மாறியது. அக்காவும் தன் பறவையைக் கூடவே வளர்த்துக்கொண்டு போனார். கேலி குறைந்தது, கேட்பது கூடியது. காலையில் வந்ததும் முதலில் பாப்பா வந்திருக்கிறாளா என்றுதான் பார்ப்பார்.

பிறகு அந்தக் கூட்டம். எங்கள் எல்லோரையும் ஹாலில் நிறுத்தி வைத்து மேனேஜர் பேசினார். இனிமேல் பறவைகள் தாமாகவே பேசும், அதற்கு ஒரு சாஃப்ட்வேர் தயார், இந்த மாதத்தோடு உங்கள் சேவைக்கு நன்றி. இத்தனை வருஷம் நாங்கள் டைப் செய்ததையெல்லாம் அந்த சாஃப்ட்வேருக்கு ஊட்டியிருந்தார்கள். இரண்டு பேரை மட்டும் அதன் பதில்களைச் சரிபார்க்க வைத்துக்கொண்டார்கள். அதில் நான் ஒருவன். எல்லோரும் கலைந்த பிறகு மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். அன்றைக்குத் தமிழ், கதவும் திறந்தே இருந்தது.

"உங்களுக்கு ஒரு குட் நியூஸ்மா. எல்லாப் பறவையும் மாறும்போது எரியும். உங்களோடது எரியாது. உங்க சாட் வெச்சுத்தான் மெயினா இதைப் பழக்கியிருக்காங்க. அப்படியே நீங்க பேசற மாதிரியே பேசும். கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எரிச்சுடுங்க சார்."

"என்னது?"

"என் பறவையை எரிச்சுடுங்க. நான் போறேன்னு அவளுக்குத் தெரியணும். அழட்டும், திட்டட்டும், பரவாயில்லை. நான் இல்லாம அது நான் மாதிரி அவகிட்டப் பேசக் கூடாது சார்."

"இத்தனை வருஷம் எரிக்காத பறவை. அதுதாம்மா அந்தக் கஸ்டமர் இன்னும் சந்தா கட்டறதுக்குக் காரணம். அதைப் போய் யாராவது எரிப்பாங்களா?"

அக்கா கெஞ்சினார். அந்தக் கோபக்காரர், யாருக்கும் தலை வணங்காதவர், அந்தக் கண்ணாடி அறையில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை பேச விடுங்கள், மனுஷி என்று சொல்ல மாட்டேன், ஊர் பேர் சொல்ல மாட்டேன், பறவையாகவே போய் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். மேனேஜர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். காண்ட்ராக்ட், பாலிசி, சாரி. சாயங்காலத்துக்குள் அக்காவின் கம்ப்யூட்டர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மாதம் முடியக்கூட விடவில்லை. மற்ற பறவைகள் மாதக் கடைசியில் வரிசையாக எரிந்தன.

இப்போது நானும் கொண்டாப்பூரில்தான் குடியிருக்கிறேன். வேறு கம்பெனி, வேறு வேலை. பேங்க்குக்குப் போன் செய்தால் ஒரு மெஷின், அன்பொழுக, உங்களுக்காகவே காத்திருந்தேன் என்கிறது. என் மகள் தன் போனுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிடம் குட் நைட் சொல்லிவிட்டுத் தூங்குகிறாள். அதை வாங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று வரும். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்து, பீஸ் கட்ட வருகிறவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. எப்போதாவது செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் பார்த்தால் மழை, ஆட்டோ கட்டணம், முழங்கால் வலி என்று பேசுவோம். பறவையைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பேச்சை அவர் ஒரு போனோடு முடித்துவிட்டார். எனக்குத்தான் அது முடியாமல் கிடக்கிறது.

வேலை போன பிறகு, தினமும் நான் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக அக்காவின் போன் வரும். ஒரே கேள்வி. "கேட்டாளா?" அந்தப் பெண் சந்தேகப்பட்டாளா, நீ வேறு யாரோ மாதிரி இருக்கிறாயே என்று ஒரு வார்த்தை கேட்டாளா? "இல்லக்கா" என்பேன். "எக்ஸாம் டைம்பா, மனசு அங்க இருக்கும்" என்பார் ஒரு நாள். "ரெண்டு தடவையா ஒழுங்கா பேசலைன்னு சொன்னியே, யோசிக்கிறா போல" என்பார் இன்னொரு நாள். நானும் அந்த உரையாடல்களை வரி விடாமல் படித்தேன், என் வேலைக்காகப் படித்ததைவிட அக்காவுக்காகப் படித்ததுதான் அதிகம். சாஃப்ட்வேர் லாலாகுடாவின் இரும்பு டிராகனை இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. சில இடங்களில் உளறியது. ஒரு தடவை அந்தப் பெண் சொன்ன சோகத்துக்குத் தேவதைச் சண்டையைப் பதிலாகச் சொன்னது. அதற்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவளாகவே ஒன்று எழுதினாள்.  இதை அக்காவிடம் மறைத்துவிடலாம் என்று வெளியே வரும்வரை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் என் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னப்பா? கேட்டாளா? சொல்லு."

"கேக்கலைக்கா. ஆனா உங்களைப் பத்தி... பறவையைப் பத்தி எழுதியிருக்கா."

"என்னன்னு?"

"இப்பல்லாம் நீ உடனே பதில் சொல்றே, முன்னெல்லாம் ரொம்ப நேரம் காக்க வெப்பே. இப்பத்தான் நல்லா இருக்கே. இப்படியே இரு. அவ்வளவுதான்கா."

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் ஒரு விசில் அடித்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார் போலிருக்கிறது.

"அதுக்கு அந்த மெஷின் என்ன சொல்லிச்சு?"

"சரின்னு சொல்லிச்சுக்கா. உனக்குப் பிடிச்சா எனக்கும் சந்தோஷம்னு."

"ஹவ்" என்றார் அக்கா. "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். அது அடிக்கவில்லை.